ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்றில் ஒரு மேடு

ஜனவரி 6

சொட்டு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்து மயங்கி விழுந்தாயானால் பல் உடையும். பல் டாக்டரான என் அண்ணன் வீட்டிலேயே இருப்பதால் அதற்கும் செலவில்லைதான், ஆனாலும் வேண்டாம்.

கிடைத்துவிட்டது! நியூட்ரானை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அணுக்கரு கல்லாக இறுகும் என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேனே, இறுகிவிட்டது. இத்துடன் மடித்து வைத்திருக்கும் கிராஃபைப் பிரித்துப் பார். வலது ஓரத்தில் ஒரு மேடு ஓங்கி நிற்கிறதே, அதுதான் என் பிள்ளை.

நீ இதை உன் முதலாமாண்டு வகுப்பில் எப்படிச் சொல்வாய் என்று நினைத்துப் பார்த்தேன். அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் தட்டுத் தட்டாக நிரம்புகின்றன. ஒரு தட்டு முழுசாக நிரம்பும் எண்ணிக்கைக்கு மாய எண் என்று பெயர். அப்படி நிரம்பிய கருவை லேசில் கிளப்ப முடியாது. கஷ்டப்பட்டுக் கிளப்பினால், திரும்ப அடங்கும்போது வாங்கிய ஆற்றலைக் காமா கதிராக அப்படியே கக்கிவிடும். மேடு எவ்வளவு வலப்பக்கம் விழுகிறதோ, கரு அவ்வளவு கெட்டி. என்னுடையது எவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கிறது பார்த்தாயா? புது மாய எண், சொட்டு. இதுவரை யாரும் பார்க்காதது.

விடுதி அறையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "அணுக்கரு ஒரு சொட்டுத் தண்ணிடி, எல்லாம் பக்கத்துல இருக்கறதோட மட்டும் ஒட்டிக்கிட்டு கொழகொழன்னு இருக்கும்" என்பாய் நீ. "இல்லடி, கூடு கட்டின மாதிரி ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கு" என்பேன் நான். அந்தச் சண்டையில்தானே உனக்குச் சொட்டு என்றும் எனக்குக் கூடு என்றும் பெயர் விழுந்தது. அப்புறம் நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, என்னைவிட ஆறு மாதம் சின்னவளாக இருந்தும், ஒரே நாளில் எனக்கு அண்ணியாகிவிட்டாய். அந்தக் கணக்கை இன்றைக்குத் தீர்த்துவிட்டேன்.

போட்டோவும் வைத்திருக்கிறேன். டிடெக்டர் அறையில் எடுத்தது. நான் ஒய்யாரமாகக் கை வைத்து நிற்கும் சிவப்புச் சாமான் புதுத் தீயணைப்பான். சக்கரம் வைத்தது, ஆள் உயரம். எங்கள் பாதுகாப்பு அதிகாரி அதைக் கல்யாண மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் கொண்டுவந்து நிறுத்தினார்.

மார்ச் கடைசியில் மாநாடு. முதல் நாள் முதல் பேச்சு என்னுடையது. இயக்குநர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இங்கே பலருக்குப் புதுச் செய்தி.

ஜெயித்துவிட்ட
கூடு


ஜனவரி 15

என் கூடே,

உட்கார்ந்துதான் படித்தேன், சமையலறை ஸ்டூலில். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

உன்னை நினைத்தால் எனக்கு எப்போதுமே ஆச்சரியம்தான். இரண்டே விநாடி அரை ஆயுள் உள்ள ஒன்றைச் செய்து, ஓடும் பட்டையில் ஏற்றி, டிடெக்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அது போய்ச் சேர்வதற்குள் "நீ யார், எப்படிப்பட்டவள்?" என்று கேட்டு வாங்குகிறாய். நான் வகுப்பில் அணு ஒரு விளையாட்டு மைதானம் என்றால் கரு நடுவில் கிடக்கும் ஒரு பட்டாணி என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். நீ அந்தப் பட்டாணிக்குள் போய்க் கதவைத் தட்டுகிறாய்.

உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் ஒவ்வொருவரிடமும், "என் தங்கச்சி புதுசா ஒரு மாய எண்ணைக் கண்டுபிடிச்சிருக்கா" என்கிறார். பாவம், அவர்களால் பதில் பேச முடியாது. "ஆ" என்கிறார்கள். அதை வியப்பு என்று இவர் எடுத்துக்கொள்கிறார்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். உன்னிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுதுவது?

கிராஃபில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். உன் மேட்டின் உச்சி ஆற்றல் கோட்டில் ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்றில் விழுகிறது, கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில். கூடு, அந்த எண் உனக்கும் எனக்கும் இன்று நேற்றுப் பழக்கமா? எந்தச் சுவரிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதில் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஓர் அணு கதிரியக்கமுள்ளது. அது காமா விடுகிற இடம் சரியாக அதுதான். உலகத்தில் எந்த அறையில் டிடெக்டரை வைத்தாலும் அந்த மேடு கூப்பிடாமலே வந்து நிற்கும்.

சுவரிலிருந்து வருவதை நீ கணக்கில் கழிக்காமல் விட்டிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடேன்.

சொட்டு


ஜனவரி 22

அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி.

பொட்டாசியம் என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காப்பி மெஷினுக்குக்கூடத் தெரியும். மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் அறையை வைத்து மூன்று நாள் எண்ணி, அந்தப் பின்னணியை ஒரு எண் விடாமல் கழித்திருக்கிறோம். சுவருடையதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சம் நிற்பது என்னுடையது. இயற்கை இரண்டு மேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே?

நான்கு பேர் இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள். நான்கு பேரும் தினமும் டிடெக்டரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். கரும்பலகை முன்னால் நின்று, பட்டாணி, மைதானம் என்று பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்களுக்கு எங்கே பார்த்தாலும் சுவர்தான் தெரியும். அது அவர்கள் குற்றமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் சந்தோஷத்தில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கூட இருக்க முடியவில்லையா உங்களால்?

அண்ணனுக்கு என் அன்பு.

தங்கள் நாத்தனார்


பிப்ரவரி 4

கூடு,

நீ "அண்ணி அவர்களுக்கு" என்று எழுதினால் என்னை அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறாய் என்று அர்த்தம். கதவுக்கு வெளியிலிருந்தே எழுதுகிறேன்.

வலித்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. நான் ஆய்வை விட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்தது தோற்றுப்போய் அல்ல. முதல் தடவையாகக் கேட்கிறவர்களுக்குச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. புரோட்டான் ஒவ்வொன்றும் மற்றதைப் பிடித்துத் தள்ளுகிறதே, அப்புறம் எப்படி எல்லாம் இவ்வளவு சின்ன இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும்போது கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். தொடும் தூரத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும், வந்துவிட்டால் விடவே விடாத ஒரு விசை இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கே இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் அறிமுகப் புத்தகமும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கதைதான். ஆனால் சரியான கதை.

சரி, சண்டையை ஒதுக்கி வை. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ செய்த கரு ஒவ்வொரு தடவையும் டிடெக்டர் முன்னால் இருபது விநாடி நிற்கிறது. ஒவ்வொரு கதிர் வந்த நேரமும் உன்னிடம் பதிவாகியிருக்கிறது. முதல் ஐந்து விநாடியை ஒரு கிராஃபாகவும் கடைசி ஐந்து விநாடியை இன்னொரு கிராஃபாகவும் போடு. உன் பிள்ளைக்கு அரை ஆயுள் இரண்டு விநாடி. கடைசி ஐந்தில் அதன் மேடு கிட்டத்தட்டத் தரைமட்டமாகியிருக்கும். சுவருக்குச் சாவு கிடையாது. அது முதலில் எப்படி நின்றதோ கடைசியிலும் அப்படியே நிற்கும்.

மேடு தேய்ந்தால் நான் நேரில் வந்து, உன் நான்கு பேர் முன்னால், என் மூக்கு உடைந்ததை ஒத்துக்கொள்கிறேன். தேயாவிட்டால் மாநாட்டு மேடையில் வேறு யாராவது எழுந்து உன்னிடம் இதையே கேட்பார்கள். அவர்கள் உன்னைச் சொட்டு சொட்டாக நேசிக்கிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

சொட்டு


பிப்ரவரி 20

கூடு,

பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உன் அண்ணனிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் வானிலை அறிக்கை மாதிரி. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது, ஏதாவது பண்ணு" என்கிறார். ஆனால் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்.

மேடு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை எழுது.

சொட்டு


மார்ச் 3

ஏய் சொட்டு,

உன் பிப்ரவரி நாலாம் தேதிக் கடிதத்தைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் முதலாவதைப் பிரித்தேன். படித்ததும் உன்மேல் இருந்த கோபத்திலேயே உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன், உன் முகத்தில் கரியைப் பூசலாம் என்று.

முதல் ஐந்து விநாடி. மேடு இருந்தது. கடைசி ஐந்து விநாடி. மேடு இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை, சொட்டு. ஓங்கி, குத்துக்கல் மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. திரையை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

ஆனால் கழித்தோமே? அதுதான் புரியவில்லை. கழித்த பிறகும் பொட்டாசியம் நிற்கிறதென்றால், பின்னணி எடுத்த பிறகு யாரோ அறைக்குள் பொட்டாசியத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். மறுநாள் காலை கதிர் அளக்கும் கைக்கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். எல்லாருடைய பையையும் டப்பாவையும் வெளியே வைக்கச் சொன்னேன். ஒருவர் கையில் வாழைப்பழம் இருந்தது. அதையும் பிடுங்கி வெளியே வைத்தேன். "மேடம் டயட்ல இருக்காங்க போல" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சுவர், மேஜை, ஈயக்கட்டி, எதிலும் ஒன்றும் இல்லை. கருவி சோம்பேறித்தனமாக எப்போதாவது ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தது. அலுத்துப்போய் தீயணைப்பான் மேல் கையை ஊன்றினேன். கருவி கடகடவென்று பேச ஆரம்பித்தது.

பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் பெருமை தாங்காமல் சொன்னார்: "மேடம், இது சாதாரண பவுடர் இல்ல. பம்ப் ஆயில் பத்திக்கிட்டா பழசெல்லாம் சும்மா புஸ்ஸுன்னு போயிடும். இது பொட்டாசியம் பவுடர்! அம்பது கிலோ!"

"எப்ப சார் உள்ள வெச்சீங்க?"

"நீங்க வெறும் அறையை எண்ணி முடிச்சீங்கல்ல, அதுக்கு அடுத்த நாள். எண்ணும்போது தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வெளியிலயே காத்துக்கிட்டிருந்தேன் மேடம்."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. பாவம், எவ்வளவு மரியாதையாகக் காத்திருந்து என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டிருக்கிறார்! புது மாய எண் என்று நான் கொண்டாடியது ஒரு தீயணைப்பானை.

இயக்குநரிடம் போய்ப் பேச்சை விலக்கிக்கொள்கிறேன் என்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாருக்கும் தெரியாதே, பேசிட்டு அப்புறம் திருத்திக்கலாமே" என்றார். "எனக்குத் தெரியுமே சார்" என்றேன். விலக்கிவிட்டேன்.

இன்னொன்று. கடைசி ஐந்து விநாடி கிராஃபில் ஒன்று காணாமல் போயிருந்தது. இடப்பக்கம், நானூற்று முப்பதை ஒட்டி, மற்ற இரைச்சலெல்லாம் காடாக மண்டிக் கிடக்கும் இடத்தில், முதல் ஐந்து விநாடியில் ஒரு குட்டி மேடு இருக்கிறது. கடைசியில் இல்லை. நடுவில் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை பாதியாகிறது.

அப்படியானால் என் பிள்ளை கல் இல்லை. லேசாகத் தட்டினாலே கிளம்பிவிடுகிற மெத்தென்ற கரு. ஆசையாசையாக வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால், இடப்பக்கம் அது கூப்பிட்டது காதில் விழவில்லை. உறுதியாகச் சொல்ல இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். இந்தக் கருவைச் செய்யும் எந்திரத்தில் மாத முடிவில் இரண்டு நாள் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

கரும்பலகை பற்றி நான் எழுதியது கேவலமான வாக்கியம். எழுதும்போதே தெரிந்தது. தெரிந்தே எழுதினேன், உனக்கு வலிக்க வேண்டும் என்று. மன்னித்துவிடு. சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

கூடு


மார்ச் 10

என் கூடே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் தீயணைப்பானில் சிரித்து, இயக்குநர் அறையில் அழுதேன். "எனக்குத் தெரியுமே சார்" என்று சொன்னாயே, அந்த இடத்தில் உன்னைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே! உன் அண்ணனிடம் அதை வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார். பிறகு, "இனிமே பேஷண்ட்டுங்ககிட்ட இதைத்தான் சொல்லப் போறேன்" என்றார். அவர்கள் "ஆ" என்பார்கள். இந்தத் தடவை நியாயமாக.

போட்டோவை எடுத்து மறுபடி பார்த்தேன். ஜனவரியிலிருந்து அது எங்கள் அலமாரிக் கண்ணாடியில்தான் செருகியிருக்கிறது. குற்றவாளி நடுநாயகமாக நிற்கிறது. நீ அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாய். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

அந்த மெத்தென்ற கருவை நினைத்து வருத்தப்படாதே. எனக்கு அணுக்கருவில் மிகவும் பிடித்த விஷயத்தை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நியூட்ரானைத் தனியாக வெளியே விட்டால் கால் மணி நேரம் தாங்குவதே பெரிது, சிதைந்துவிடும். அதையே சரியான ஆட்களோடு கருவுக்குள் உட்கார வைத்தால் கோடி கோடி வருஷம் அசையாமல் இருக்கும். அதே நியூட்ரான்தான். சேர்ந்து இருப்பதால் வந்த ஆயுள். அப்படிச் சேரும்போது ஒவ்வொன்றும் தன் எடையில் துளி விட்டுக்கொடுக்கிறது. கட்டி வைத்திருப்பதே அந்த விட்டுக்கொடுத்ததுதான். வருஷா வருஷம் இதைப் பலகையில் எழுதுகிறேன், வருஷா வருஷம் கை ஒரு கணம் நிற்கிறது.

இப்போது ஓர் உதவி. மாட்டேன் என்றால் கேட்டதை மறந்துவிடுகிறேன். உன் கிராஃபை, தப்பான முதல் கிராஃபை, என் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் போட அனுமதி வேண்டும். மற்ற புத்தகங்களில் படங்களெல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு மேடும் உண்மை, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. என் பிள்ளைகள் அணுக்கரு இப்படித்தான் தெளிவாகப் பேசும் என்று நம்பி ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் திகைக்கிறார்கள். உன் படத்தில் ஓங்கிய பொய்யும் இருக்கிறது, ஒடுங்கிய மெய்யும் இருக்கிறது. இதைவிடச் சிறந்த முதல் படம் எனக்குக் கிடைக்காது. யாருடையது என்று எழுத மாட்டேன்.

சொட்டு


ஏப்ரல் 2

சொட்டு,

தீயணைப்பானை வெளித் தாழ்வாரத்துக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். பாதுகாப்பு அதிகாரி கூடவே வந்து, "பாத்து மேடம், பாத்து" என்று சக்கரத்துக்குச் சக்கரம் கவலைப்பட்டார். எந்திரம் இரண்டு நாள் ஓடியது. நான் அறையை விட்டு நகரவில்லை.

ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்றில் கழித்த பிறகு ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட தரை. நானூற்று முப்பதில் அந்தக் குட்டி மேடு இந்தத் தடவை நிமிர்ந்து நின்றது, தேய்ந்தது, போயிற்று. அதோடு ஆயிரத்தை ஒட்டி இன்னொன்று, அதைவிடக் குட்டி. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டேன். நீ வகுப்பில் போடுவாயே, நீண்ட கரு ஒன்று சுழன்றால் படிகள் எப்படி விழ வேண்டும் என்று, அதேதான். என் பிள்ளை உருண்டை இல்லை. நீளவாக்கில் இழுபட்டு, உள்ளே இருக்கும் எல்லாரும் சேர்ந்து சுழல்கிற கரு. தட்டில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்த அத்தனை பேரும் கைகோத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அழகாக இருக்கிறது, சொட்டு. நான் கேட்ட பதிலைவிட அழகாக இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் தூசி என்றேன்.

விடுதிச் சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்காதே. கூடு மட்டும் இருந்தால் இப்படிச் சுழலாது, சொட்டு மட்டும் இருந்தாலும் இப்படிச் சுழலாது.

புத்தகத்துக்கு அனுமதி. ஆனால் நிபந்தனை இருக்கிறது. "யாருடையது என்று எழுத மாட்டேன்" என்கிற தாட்சண்யம் எனக்கு வேண்டாம். என் பெயரை முழுசாக, இனிஷியலோடு போடு. கிராஃபுக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோவையும் போடு. தீயணைப்பானை வெட்டிவிடாதே, என் கையையும் வெட்டிவிடாதே. உன் பிள்ளைகள் முதலில் சிரிக்கட்டும், அப்புறம் அளவுகோலை எடுக்கட்டும்.

ஜூலையில் இன்னொரு மாநாடு. சுழலும் கருவைப் பற்றிய கட்டுரையை நேற்றே அனுப்பிவிட்டேன். ஆசிரியர்கள் இரண்டு பேர். நேரத்தைத் துண்டு போடச் சொன்னது யாரோ, அவர் பெயர் முதலில். என் பெயர் இரண்டாவது. இயக்குநர் புருவத்தை உயர்த்தி, "வகுப்பு எடுக்கறவங்க பேரு முன்னாடி வருதே?" என்றார். அகரவரிசை சார் என்றேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அகரவரிசைப்படி வைத்தால் என் பெயர்தான் முதலில் வரும். அது உனக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை.

கூடு